ஆலியோ ஒலியோவில் எண்ணெய் தனியாக ஓடினால், உணவகத்தில் சொல்லலாமா?

இரும்புச்சட்டி | கோவை | ஞாயிறு, இரவு 10.15

நேற்று மகளுக்குப் பிறந்தநாள், 14 முடிந்தது. "இந்த வருஷம் பிரியாணி வேண்டாம்மா, இத்தாலியன் போகலாம்" என்றாள். வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் விறகு அடுப்பு வைத்த சின்ன இத்தாலிய உணவகம் ஒன்று இருக்கிறது. பெயர் எழுதவில்லை. அக்கறையாக நடத்துகிற இடம், ஒரு ராத்திரியை வைத்து அவர்கள் பிழைப்பில் கை வைக்க மனமில்லை.

நான் ஆறேழு வருஷமாக வீட்டில் இத்தாலியச் சமையல் செய்கிறேன். ஆரம்பத்தில் பாக்கெட் பாஸ்தா. அப்புறம் ரவையை நைஸாக அரைத்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரலால் இழுத்துச் செய்கிற காது வடிவ ஒரெக்கியெத்தே பாஸ்தா வரைக்கும் வந்துவிட்டேன். கை பழகிவிட்டதால் வெளியே சாப்பிட உட்கார்ந்தாலே, இது எப்படிச் செய்தது என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். நொட்டை சொல்கிறேன் என்று வீட்டில் ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு.

புது இடத்துக்குப் போனால் முதலில் நான் கேட்பது ஸ்பகெட்டி ஆலியோ ஒலியோ. பூண்டு, ஆலிவ் எண்ணெய், காய்ந்த மிளகாய், மேலே கொஞ்சம் பார்ஸ்லி, அவ்வளவுதான். நேப்பிள்ஸ் பக்கம் வீட்டில் ஒன்றும் இல்லாத நேரத்தில் செய்கிற சாப்பாடு. சாஸ், சீஸ் என்று மூடி மறைக்க எதுவும் கிடையாது. புது ஓட்டலில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சொல்லிப் பார்ப்போமே, அந்த மாதிரி.

வந்த தட்டை லேசாகச் சாய்த்தேன். ஓரத்தில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் தனியாக ஓடியது. முட்கரண்டியில் சுற்றினால் ஸ்பகெட்டி நிற்காமல் வழுக்கியது. பூண்டுச் சீவல் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். விளிம்பெல்லாம் காப்பிக்கொட்டை நிறம், நடுவில் மட்டும் வெள்ளை. கடித்தால் கசப்பு. பாஸ்தாவோ உள்ளும் புறமும் ஒரே குழைவு. காளான் ரிசோட்டோ (இத்தாலியக் குழைசாதம்) கோபுரமாகக் குவிந்து, கரண்டியை நட்டால் நிற்கிற பதத்தில் வந்தது. கடைசியில் வந்த திரமிசு இனிப்பு பரவாயில்லை ரகம்.

ஆனால் மார்கரீட்டா பீட்சாவைப் பற்றி எழுதாமல் விட்டால் அநியாயம். அடுப்புப் பக்கத்து மேசை எங்களுக்கு. பையன் மாவைக் கையாலேயே தட்டி விரித்தான், கட்டை உருட்டவே இல்லை. உள்ளே தள்ளி, ஒரு தடவை திருப்பி, ஒன்றரை நிமிஷத்துக்குள் வெளியே எடுத்துவிட்டான். விளிம்பு உப்பி அங்கங்கே கரும்புள்ளி, நடுவில் தோசை மாதிரி இளக்கம், தக்காளியில் பச்சை வாடை இல்லாத புளிப்பு. என் வீட்டு அவன் 250 டிகிரிக்கு மேல் போகாது. அதில் எந்த ஜென்மத்திலும் எனக்கு அது வராது.

சர்வர் வந்து "எப்படி இருந்தது மேடம்?" என்று கேட்டபோது "நல்லா இருந்தது" என்றேன். ஆனால் மேசையில் எங்கள் மூன்று பேருக்குள் எல்லாக் குறையையும் ஒவ்வொன்றாகச் சொல்லித் தீர்த்திருந்தேன். வண்டியில் திரும்பும்போது மகள், "நீ முகத்தைச் சுளிச்சதும் எனக்குச் சாப்பிடவே பிடிக்கலைம்மா" என்றாள். அது இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அந்த எண்ணெய் ஏன் பிரிந்தது? இதை அவர்களிடம் சொல்லலாமா, கூடாதா?


நிதானம் | திருச்சி | ஞாயிறு, இரவு 10.52

மனசில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். பிள்ளை பிறந்தநாளுக்குப் போன இடத்தில் பாஸ்தாவின் பதம் பெரிய விஷயமா? அவள் ஆசைப்பட்டுக் கேட்ட இடம் அது. வீட்டில் உங்கள் ஒரு ஆளுக்கு ஒரு வாணலி. அங்கே சனிக்கிழமை ராத்திரி நாற்பது பேருக்கு நாலு அடுப்பு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. என் அம்மா எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சாம்பாரில் பெருங்காயம் போதவில்லை என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட எங்களுக்குத்தான் அந்த வலி தெரியும். உங்கள் மகள் வாய்விட்டுச் சொன்னது நல்லது.


தெற்குக்கரை | பலெர்மோ | ஞாயிறு, இரவு 11.40

தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்து ஆள். சிசிலியில் பலெர்மோ நகரில் பதினேழு வருசமாகக் குசினி வேலை. முதல் மூன்று வருசம் கோப்பை கழுவினேன், பிறகு மரக்கறி வெட்டு, இப்போது பாஸ்தா அடுப்பு என் கையில். இங்கே எங்கட சனம் கனபேர் இந்த வேலையில்தான் இருக்கிறார்கள்.

எண்ணெய் பிரிந்ததற்குக் காரணம் எண்ணெய் கூடினது மட்டும் இல்லை, தண்ணீர் இல்லாமல் போனது. பாஸ்தா அவிந்த தண்ணீரில் மாப்பசை இருக்கும். அந்தத் தண்ணீர் ஒரு அகப்பை வாணலிக்குள் போய், எண்ணெயோடு சேர்ந்து, நன்றாகக் குலுக்கினால்தான் இரண்டும் கூடிப் பால்போலக் கெட்டிப்படும். அந்தப் பால்தான் சோஸ். வேறு சோஸ் இதற்குக் கிடையாது. உங்கள் தட்டில் எண்ணெய் தனியாக ஓடியது என்றால், அந்தப் பாஸ்தா பின்னேரமே அவிக்கப்பட்டு, ஒட்டாமல் இருக்க எண்ணெய் பிரட்டி, குளிர்பெட்டியில் இருந்திருக்கும். ஓடர் வந்ததும் சூடான எண்ணெயில் போட்டுப் பிரட்டித் தந்திருப்பார்கள். மேலே ஏற்கெனவே எண்ணெய் பூசின பாஸ்தாவில் எந்தச் சோஸும் ஒட்டாது. உள்ளும் புறமும் ஒரே குழைவு என்று எழுதினீர்களே, அதுவும் இரண்டாம் முறை சூடேறினதால் வந்தது.

உள்ளி கருகினது வேறு பிழை. காய்ந்த எண்ணெயில் உள்ளியைப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் பச்சை எண்ணெயில் உள்ளியைப் போட்டு, அதற்குப் பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்போம், சின்ன நெருப்பில். வைக்கோல் நிறம் வந்ததும் ஒரு கரண்டி பாஸ்தாத் தண்ணீர் விட்டால் சூடு இறங்கிவிடும், அதற்கு மேல் கருகாது. செத்தல் மிளகாயும் அந்த நேரம்தான்.

வீட்டுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லீற்றர் தண்ணீர், 10 கிராம் உப்பு. பெட்டியில் போட்டிருக்கிற நேரத்துக்கு இரண்டு நிமிசம் முந்தி எடுத்து, மிச்ச வேக்காட்டை வாணலிக்குள் முடியுங்கள். உணவகத்துக்கு ஒரு வாய்ப்பு வீட்டில் இல்லாதது: ஒரே தண்ணீரில் நாள் முழுக்கப் பாஸ்தா அவிப்பதால் அது கஞ்சிபோலத் தடிப்பாக இருக்கும். அந்தக் கஞ்சி எங்களுக்குப் பொன். அதை விட்டுவிட்டுக் குளிர்பெட்டிப் பாஸ்தா செய்வது எனக்குக் கவலையாக இருக்கிறது.


சின்னவெங்காயம் | சென்னை | திங்கள், காலை 7.20

தெற்குக்கரை அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் சென்னையில் இரண்டு இத்தாலிய உணவகங்களில் ஐந்து வருஷம் அடுப்பில் நின்றவன். இப்போது சொந்தமாக டிபன் கடை. அந்தப் பக்கத்துக் கதையையும் கேளுங்கள்.

நாங்களும் முன்கூட்டியே வேகவைத்துத்தான் வைப்போம். சனி, ஞாயிறு ராத்திரி எட்டரை மணிக்கு ஒரே நேரத்தில் பதினைந்து ஆர்டர் விழும். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிஷம் புதிதாக வேகவைத்தால் மேசையில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அது ஒன்று.

இரண்டாவது, நீங்கள் எதிர்பார்க்கிற முக்கால் வேக்காட்டில் கொடுத்தால் பாதிப் பேர் திருப்பி அனுப்புவார்கள். "வேகவே இல்லையே" என்பார்கள். ஒரு பெரியவர் ஸ்பகெட்டியை நடுவில் உடைத்து, உள்ளே தெரிந்த வெள்ளைப் புள்ளியைக் காட்டி, "இதைச் சாப்பிட்டால் வயிறு வலிக்கும் தம்பி" என்று அன்பாகத்தான் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சேமியா உப்புமா பதத்தில் பழகிய வாய்க்கு அது வேகாததுதான். ஆனால் நாலு தட்டு திரும்பி வந்தால் மாஸ்டர் என்ன செய்வார்? மறுநாளிலிருந்து எல்லோருக்கும் மூன்று நிமிஷம் கூட வேகவைப்பார்.

வொயிட் சாஸ் கதையும் இதேதான். மைதாவும் வெண்ணெயும் வறுத்துப் பால் ஊற்றிக் காய்ச்சுகிற அந்தச் சாஸ் இத்தாலியில் லசான்யா அடுக்குக்குள் போவது. இங்கே பென்னே பாஸ்தாவில் கொட்டிக் கலக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். நான் வேலை பார்த்த இடங்களில் பத்து பாஸ்தா போனால் ஆறு அதுவாகத்தான் இருக்கும். வாடகை அதில்தான் வந்தது.

அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: கட்டாயம் சொல்லுங்கள், ஆனால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள். "முக்கால் வேக்காட்டில் வேண்டும், புதிதாக வேகவைத்துத் தர முடியுமா, காத்திருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை. அடுப்பில் நிற்பவனுக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது. சாப்பாடு தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று உள்ளே எல்லோருக்கும் தெரிந்துவிடும். சாப்பிட்டு முடித்துவிட்டு "நல்லா இருந்தது" என்று சொல்லிப் போனால் நாங்கள் அதை நம்பிவிடுவோம்.


இரும்புச்சட்டி | கோவை | திங்கள், காலை 9.05

தெற்குக்கரை அண்ணா, ரொம்ப நன்றி. குளிர்பெட்டிப் பாஸ்தா என்று எனக்குத் தோன்றவே இல்லை. நேற்று முழுக்க எண்ணெய் அளவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

சின்னவெங்காயம் தம்பி, "அதை நம்பிவிடுவோம்" என்று எழுதியதைப் படித்ததும் சுருக்கென்றது. குறையை மேசையில் கொட்டிவிட்டு, சொல்ல வேண்டிய ஆளிடம் நல்லா இருந்தது என்றேன். தப்பு அங்கேதான். நிதானம் சார் சொன்னதும் அதைத்தான் தொடுகிறது. வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவதில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. ஆனால் மகளின் தட்டுக்கு நேராக அதைச் சொன்னது தப்பு, அதை ஏற்றுக்கொள்கிறேன்.


பனிமலை | டூரின் | திங்கள், பகல் 1.30

அக்கா, நான் இங்கே முதுகலை படிக்கிறேன். டூரினிலிருந்து மிலான் போகும் ரயிலில் வெர்செல்லி, நொவாரா பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தஞ்சாவூர் போன மாதிரி இருக்கும். கண்ணுக்கு எட்டின வரை நெல் வயல், மே மாதத்தில் தண்ணீர் நிறுத்தி, தூரத்தில் பனி மூடிய ஆல்ப்ஸ் அதில் தெரியும். அதனால் ரிசோட்டோ பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும்.

நல்ல ரிசோட்டோவைத் தட்டில் வைத்து அடியில் ஒரு தட்டு தட்டினால் அது தானாகப் பரவ வேண்டும். இங்கே அதை "அலை போல" என்பார்கள். உங்களுக்கு வந்தது கோபுரமாக நின்றது என்றால் இரண்டில் ஒன்று. அடுப்பிலேயே தண்ணீர் வற்ற விட்டிருப்பார்கள், இல்லை செய்த பிறகு வெகுநேரம் காத்திருந்திருக்கும். ரிசோட்டோ ரெண்டு நிமிஷம் நின்றாலே இறுகும், நம் வெண்பொங்கல் மாதிரிதான்.

உணவகங்களில் இதையும் முன்கூட்டியே பாதி வேகவைத்துத் தட்டில் பரப்பி ஆற வைப்பார்கள். அதில் தப்பில்லை, இங்கேயே செய்கிறார்கள். கடைசி ஐந்தாறு நிமிஷம் கொதிக்கிற சாறு விட்டுக் கிண்டி, அடுப்பை அணைத்து, குளிர்ந்த வெண்ணெயும் துருவிய பார்மிஜானோ சீஸும் போட்டு வேகமாக அடித்துக் கலக்குவதில்தான் சூட்சுமம். அந்தக் கடைசி அடியைச் சோம்பேறித்தனமாகச் செய்தால் சாதம் வேறு, சாறு வேறாக நிற்கும்.

வீட்டில் செய்யும்போது ஒன்று கவனியுங்கள். அரிசியைக் களையாதீர்கள். நான் வந்த புதிதில் கார்னரோலி அரிசியை மூன்று தண்ணீர் விட்டுக் களைந்து, கழுநீரைக் கொட்டினேன். அறைத்தோழன் பதறி ஓடி வந்தான். ரிசோட்டோவுக்குக் குழைவு தருகிற மாவே அதில்தான் போகிறது. அரிசியை உலர்வாகவே வெண்ணெயில் போட்டு, கை வைத்தால் சுடுகிற வரை வறுத்துவிட்டு, பிறகு சூடான சாறு. கார்னரோலி, ஆர்போரியோ, வியலோனே நானோ மூன்றும் வெளியே கரைந்து நடு உறுதியாக நிற்கிற ரகங்கள். நம் பொங்கல் பச்சரிசி முழுசாகக் குழைந்துவிடும், அதனால் அந்தப் பதம் வராது.


கொத்துமல்லிக்கட்டு | மதுரை | திங்கள், மாலை 6.45

இழையை முழுக்கப் படித்தேன். சைவம் சாப்பிடுகிறவள் என்பதால் எனக்கு வேறு ஒரு கவலை. மெனுவில் பச்சைப் புள்ளி வைத்திருக்கிறார்கள் என்று நம்பித்தான் நான் பெஸ்டோ (பேசில் இலையும் சீஸும் அரைத்த சாஸ்), ரிசோட்டோ எல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற உறைபொருள் சேர்க்கிறார்கள் என்று போன வருஷம்தான் தெரிந்தது. பெகோரினோ ரோமானோ சீஸில் ஆட்டுக்குட்டியினுடையது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இதை நொட்டை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

இப்போதெல்லாம் எந்த உணவகத்துக்குப் போனாலும், "சீஸ் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கிறேன். சில இடத்தில் பாக்கெட்டையே எடுத்து வந்து காட்டுகிறார்கள். நுண்ணுயிரிலிருந்து எடுத்த உறைபொருளில் செய்த சீஸ் இங்கே கிடைக்கிறது. பன்னா கோத்தா என்ற கிரீம் இனிப்பில் ஜெலட்டின் இருக்கும், திரமிசுவில் முட்டை இருக்கும், இரண்டையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கடற்பாசி போட்டுச் செய்த பன்னா கோத்தா ஒரு இடத்தில் சாப்பிட்டேன். கொஞ்சம் விறைப்பு, ஆனால் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

பெஸ்டோவை நான் வீட்டில் திருநீற்றுப் பச்சிலையில்தான் அரைக்கிறேன். பூக்கடையில் கதம்பத்துக்குக் கட்டுகிறார்களே, சப்ஜா விதை கிடைக்கிற அதே செடி. இத்தாலிக்காரர்களின் பேசிலும் அதே இனம்தான். இங்கத்தியதில் சோம்பு வாடை கொஞ்சம் தூக்கல், அதனால் இளம் தளிராக மட்டும் கிள்ளிக்கொள்வேன். பைன் கொட்டை விலைக்கு முந்திரி. பூண்டுக்குக் கொடைக்கானல் மலைப்பூண்டு ஒரு பல் போதும், காரம் அப்படி. அம்மியில் அரைத்தால்தான் நிறம் நிற்கிறது, மிக்ஸி சூட்டில் கறுத்துவிடுகிறது. உணவகத்தில் பெஸ்டோவை வாணலியில் போட்டுச் சூடாக்கித் தந்தார்கள் என்றால் எனக்கு மனசு ஆறாது. அந்த வாசனை சூட்டில் போய்விடும், பாஸ்தாவின் சூடே அதற்குப் போதும்.

பூண்டு எண்ணெய்ப் பாஸ்தாவில் சீஸ் இல்லாமல் மேலே எதைத் தூவலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தெற்குக்கரை | பலெர்மோ | திங்கள், இரவு 11.10

கொத்துமல்லிக்கட்டுத் தங்கச்சிக்கு: சிசிலியில் இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. சீஸ் வாங்க வழியில்லாத சனம் பழைய பாணை (ரொட்டியை) தூளாக்கி, ஒலிவ் எண்ணெயில் வறுத்துத் தூவினார்கள். இன்றைக்கும் பெரிய உணவகங்களில்கூட மத்தி மீன் பாஸ்தாவுக்கு மேலே அதுதான் தூவுகிறோம், சீஸ் இல்லை. மொறுமொறுவென்று இருக்கும், பாஸ்தாவின் குழைவுக்கு நல்ல எடுப்பு. ஆலியோ ஒலியோவுக்கும் அருமை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சாதாரண உலர்ந்த பாஸ்தாவில் முட்டை கிடையாது. துரும் என்கிற கடினக் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும். இத்தாலியில் 1967இல் வந்த சட்டமே அப்படி, உலர் பாஸ்தா துரும் கோதுமையில்தான் செய்யவேண்டும். முட்டை போடுவது வடக்கே பொலோனியா பக்கத்து உலர்த்தாத பாஸ்தா, 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. உணவகத்தில் "புதிதாகச் செய்த பாஸ்தா" என்று எழுதியிருந்தால் கட்டாயம் கேளுங்கள்.


நிதானம் | திருச்சி | செவ்வாய், காலை 8.00

நல்ல தகவல்களாக வருகின்றன, சந்தோஷம். ஆனால் ஒரு பொதுவான பேச்சைப் பற்றி எனக்குக் கேள்வி இருக்கிறது. "இது அசல் இல்லை" என்று சொல்கிறவர்கள் எந்த அசலைச் சொல்கிறார்கள்?

கார்போனாரா பாஸ்தாவில் கிரீம் போட்டால் இணையத்தில் ஒரு யுத்தமே நடக்கும். குவான்சியாலே (பன்றிக் கன்ன இறைச்சி), முட்டை, பெகோரினோ, மிளகு, அதற்கு மேல் எதுவும் கூடாது என்பார்கள். ஆனால் 1954இல் இத்தாலியச் சமையல் பத்திரிகை ஒன்றில் வந்த கார்போனாரா செய்முறையில் பூண்டும் சுவிட்சர்லாந்தின் குரூயேர் சீஸும் இருக்கின்றன. பொலோனியாவில் ரகூ (இறைச்சி சாஸ்) செய்முறையை 1982இல் வர்த்தகச் சபையில் பதிவு செய்தார்கள், 2023இல் அதையே திருத்தினார்கள். தக்காளியும் மிளகாயும் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தவை, நமக்கும் சரி அவர்களுக்கும் சரி. சாப்பாடு மாறிக்கொண்டேதான் இருக்கும். கோவையில் ஒருவர் பனீர் டிக்கா பீட்சா போட்டால் அதுவும் ஒரு சாப்பாடு. விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் நாக்கைக் குறைத்துப் பேசக் கூடாது.


இரும்புச்சட்டி | கோவை | செவ்வாய், காலை 10.30

நிதானம் சார், இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். பனீர் டிக்கா பீட்சா என் மகளுக்கும் பிடிக்கும், நானே வீட்டில் செய்து கொடுக்கிறேன்.

நான் கேட்பது அசலா போலியா என்பது இல்லை. பூண்டு கருகியிருந்தது. அது நேப்பிள்ஸிலும் கருகல்தான், நம் ரசத் தாளிப்பிலும் கருகல்தான். பார்ஸ்லி கிடைக்காமல் கொத்துமல்லி போட்டிருந்தால் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அதே இடத்தில் பீட்சா போட்ட பையன் அவ்வளவு கவனமாகச் செய்தான். மாவை முந்தின நாளே பிசைந்து புளிக்க வைத்திருக்கிறான், விளிம்பைப் பிய்த்தபோது உள்ளே இருந்த காற்றறைகளே சொன்னது. அந்தக் கவனம் இரண்டு அடி தள்ளி இருக்கிற அடுப்பில் இல்லையே என்றுதான் எனக்குத் தாங்கவில்லை. கொடுத்த காசு பெரிசு இல்லை. நான் அந்த இடத்தை நேசிக்கிறேன், அதனால்தான் இத்தனை பேச்சு.

நாளை மதியம் தனியாகப் போகிறேன். கூட்டம் இருக்காது. தம்பி சொன்ன மாதிரி ஆர்டர் கொடுக்கும்போதே கேட்கப் போகிறேன்.


சின்னவெங்காயம் | சென்னை | செவ்வாய், காலை 10.48

பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள் அக்கா. முதல் ஆர்டர் உங்களுடையதாக இருக்கட்டும். சர்வரிடம் முழுக் கதையும் சொல்லாதீர்கள், அது உள்ளே போய்ச் சேரும்போது "மேடம் கம்ப்ளெயிண்ட் பண்றாங்க" என்று ஆகிவிடும். மாஸ்டரிடம் ஒரு நிமிஷம் பேசலாமா என்று கேளுங்கள். பீட்சாவைப் பற்றி இங்கே எழுதினதை முதலில் சொல்லுங்கள்.


இரும்புச்சட்டி | கோவை | புதன், மாலை 4.20

போய் வந்தேன். ஆற அமர எழுதுகிறேன்.

பன்னிரண்டு இருபதுக்கு உள்ளே நுழைந்தேன், ஒருவரும் இல்லை. மாஸ்டரைக் கேட்டதும் கையைத் துடைத்தபடி வந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயசு இருக்கும். டார்ஜிலிங் பக்கத்து ஊர், கோவைக்கு வந்து மூன்று வருஷமாம். தமிழ் நன்றாகப் பேசுகிறார். பீட்சாவைப் பற்றிச் சொன்னேன். அது தன் தம்பி போடுவது என்றார், முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அப்புறம் சனிக்கிழமை சாப்பிட்ட ஸ்பகெட்டியைப் பற்றிச் சொன்னேன். எண்ணெய் தேங்கியது, பூண்டு கருகியது, இரண்டு மட்டும்.

அவர் ஒரு நொடி பேசவில்லை. பிறகு, "சனி, ஞாயிறு மாலையிலேயே வேகவைத்து வைத்துவிடுகிறோம் அக்கா. இத்தனை நாளில் யாரும் எதுவும் சொன்னதில்லை, அதனால் சரியாக இருக்கிறது என்று நினைத்தேன்" என்றார். தெற்குக்கரை அண்ணா சொன்னது அப்படியே. புதிதாக வேகவைக்கப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும், காத்திருப்பீர்களா என்று கேட்டார். சமையலறைக் கதவு பக்கத்து மேசையில் என்னை உட்காரச் சொன்னார்.

கதவு திறந்தே இருந்தது. பச்சை எண்ணெயில் பூண்டு போட்டு அடுப்பைப் பற்றவைக்கிற வழியை நான் சொன்னதும், சரி, பார்க்கலாம் என்று அப்படியே செய்தார். பூண்டைச் சுற்றிக் குட்டிக் குட்டியாக நுரை கட்டியதும் வாணலியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். கொதிக்கிற பானையிலிருந்து ஸ்பகெட்டியை இடுக்கியால் நேராக வாணலிக்கு மாற்றி, ஒரு கரண்டி தண்ணீர் விட்டு, மணிக்கட்டை ஒடித்து ஒடித்துக் குலுக்கினார். சளசளவென்று இருந்த சத்தம் அடங்கி, கனமாக மாறியது. எண்ணெய் தனியாகத் தெரியவில்லை. ஒவ்வொரு இழையிலும் மங்கலாகப் பால் படர்ந்த மாதிரி இருந்தது.

தட்டைச் சாய்த்தேன், எதுவும் ஓடவில்லை. பூண்டு வைக்கோல் நிறம், கடித்தால் இனிப்பு. பாஸ்தாவின் நடுவில் பல்லுக்கு ஒரு சின்ன எதிர்ப்பு. உப்பு ஒரு கல் குறைவு. கேட்டார், சொன்னேன். அவரும் ஒரு முட்கரண்டி எடுத்து என் எதிரிலேயே சாப்பிட்டுப் பார்த்து, தலையை ஆட்டினார்.

வார நாட்களில் இனி எல்லோருக்கும் இப்படியே செய்கிறாராம். சனி, ஞாயிறில் முடியாது, கேட்பவர்களுக்கு மட்டும் என்றார். அதுவும் நியாயம்தான். நாற்பது பேருக்கு நாலு அடுப்பு என்று நிதானம் சார் எழுதியதை நினைத்துக்கொண்டேன். ரிசோட்டோவைப் பற்றி இன்றைக்கு வாயைத் திறக்கவில்லை, ஒரு நாளைக்கு ஒன்று போதும். வீட்டுக்குப் போனதும் மகளிடம் சொன்னேன். "அப்ப அடுத்த சனிக்கிழமை பீட்சா மட்டும் சாப்பிடலாமா?" என்றாள். சரி என்றேன்.


நிதானம் | திருச்சி | புதன், மாலை 5.10

அந்த மாஸ்டர் பெருந்தன்மையான ஆள். நீங்கள் பேசின விதமும் அப்படி. அடுத்த மாதம் கோவை வருகிறேன், வார நாளில்தான். இடத்தின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.


கொத்துமல்லிக்கட்டு | மதுரை | புதன், இரவு 8.30

அக்கா, படிக்கும்போதே அந்த வாணலிச் சத்தம் கேட்டது. எனக்கும் அனுப்புங்கள், கூடவே அங்கே சீஸ் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று அடுத்த முறை பார்த்துச் சொல்லுங்கள்.

தெற்குக்கரை அண்ணா, இன்று பாண் தூளை வறுத்தேன், பாதி கருகிவிட்டது. எண்ணெய் எவ்வளவு, நெருப்பு எப்படி?


தெற்குக்கரை | பலெர்மோ | புதன், இரவு 11.55

மூன்று பேருக்கு இரண்டு கைப்பிடி தூள், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. வாணலி சூடாகும் முன்பே தூளையும் எண்ணெயையும் கையால் பிசறிவிடுங்கள், பிறகு சின்ன நெருப்பு. கரண்டியை நிறுத்தாமல் கிளறவேண்டும், ஐந்து நிமிசம் வரை எடுக்கும். தேன் நிறம் வந்ததும் உடனே வேறு கிண்ணத்தில் கொட்டுங்கள். வாணலியில் விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகும், உங்களுக்கு நடந்ததும் அதுவாகத்தான் இருக்கும். தட்டு மேசைக்கு வந்த பிறகு தூவுங்கள், முந்தித் தூவினால் ஊறிவிடும்.